துவைக்கும் இடத்துக்கு எந்தக் குழாய்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இருபது ஆண்டுப் பழைய எங்கள் வீட்டின் பின்புறத்தில் துவைக்கும் கல்லும் வாஷிங் மெஷினும் இருக்கும் பகுதியை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். சுவருக்குள் ஓடிய பழைய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் வகைக் குழாய் போடுகிறார்கள். எங்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான். அளந்து பார்த்ததில் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு) லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் வந்தது. கடைக்காரர் கால் சுற்றில் திறக்கும் பளபளப்பான பித்தளைக் குழாய்களைக் கல், மெஷின், தரை கழுவுதல் என மூன்று இடத்துக்கும் போடச் சொல்கிறார். பிளம்பரோ, "உப்புத் தண்ணீருக்கு பிளாஸ்டிக் குழாய்தான் நிற்கும், பணத்தை வீணாக்காதீர்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று இடத்துக்கும் ஒரே வகைக் குழாய் என்று இருவருமே முடிவு செய்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லுக்கு மேலுள்ள குழாய் ஒரு நாளில் பலமுறை ஈரக் கையாலும் சோப்புக் கையாலும் திறந்து மூடப்படுவது. மெஷினுக்கான குழாய் துவைக்கும்போது மட்டும் திறக்கப்பட்டு, ரப்பர் ஹோஸ் வழியே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. தரை கழுவும் குழாய்க்கோ ஹோஸ் மாட்ட வாய் இருந்தால் போதும். வேலை வேறாக இருக்கும்போது குழாயும் வேறாக இருப்பதே முறை.

முதலில் உங்கள் தண்ணீரைப் பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளின் விரும்பத்தக்க அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கடினத்தன்மைக்கு அதே வரிசையில் 200, 600 என்பவை வரம்புகள். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டுவதால், கடினத்தன்மையைத் தனியே தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிடுவது நல்லது. குழாயின் உள்ளே வெள்ளையாகப் படிந்து அதை இறுக வைப்பவை கால்சியம், மக்னீசியம் உப்புகள். மேல் பூச்சை அரித்துப் புள்ளி புள்ளியாக உரிய வைப்பவை பெரும்பாலும் குளோரைடு உப்புகள். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரிந்தால் முதல் வகை மிகுதி என்று பரிசோதனைக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

கால் சுற்றில் திறக்கும் குழாயினுள் ஒன்றோடொன்று உரசி நகரும் இரண்டு செராமிக் தட்டுகள் உள்ளன. தண்ணீர் தெளிவாக இருந்தால் அவை பல ஆண்டுகள் சொட்டின்றி உழைக்கும். மணல் துகள் இடையில் சிக்கினாலோ தட்டில் கீறல் விழும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்காது, உட்பாகத்தையே மாற்ற வேண்டும். அந்த நிறுவனத்தின் அந்த மாடலுக்குரிய உட்பாகமே பெரும்பாலும் பொருந்தும் என்பதால், ஐந்தாறு ஆண்டு கழித்தும் அது கிடைக்குமா என்று வாங்கும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பல சுற்றுகள் திருகும் பழைய வகையில் சில ரூபாய் வாஷரை மாற்றினால் வேலை முடிந்தது. நாள் முழுவதும் புழங்கும் கல்லுக்கு, போர்வெல் தண்ணீர் உள்ள வீட்டில், திருகு வகையையே நான் சொல்வேன். வீட்டில் முதியவர்கள் இருந்து, விரல் மூட்டு வலியால் அவர்களுக்குத் திருகுவது கடினம் என்றால் மட்டும் அங்கும் நீண்ட கைப்பிடியுள்ள கால் சுற்றுக் குழாயைப் போட்டு, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு வலை வடிகட்டியைப் பொருத்திவிடுங்கள். கழற்றிக் கழுவும்படி கைக்கெட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பற்றி உங்கள் பிளம்பர் சொன்னது அனுபவத்திலிருந்து வந்த சொல். பி.டி.எம்.டி. எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்களில் அரிக்க உலோகமும் இல்லை, உரிய பூச்சும் இல்லை; தரை கழுவும் குழாய்க்கு அவை முற்றிலும் போதுமானவை. கல்லுக்கும் போடலாம், திருகு மரைகள் உலோகத்தை விட விரைவில் தேயும் என்பதை ஏற்றுக்கொண்டால். ஆனால் மெஷினுக்கு வேண்டாம். ஹோஸின் எடையும், மெஷினின் அதிர்வும், உள்ளே வால்வு சட்டென்று மூடும்போது ஏற்படும் தண்ணீரின் இடியும் அந்தக் குழாயின் கழுத்தில் நாள்தோறும் விழுகின்றன. அங்கே பித்தளைதான் வேண்டும். அதிலும், மெஷின் ஹோஸின் மூடி நேரடியாகத் திருகி உட்காரும்படி முக்கால் அங்குல வெளிமரை கொண்ட 'வாஷிங் மெஷின் டேப்' என்றே கேட்டு வாங்குங்கள். அதன் சுவர்ப் பக்கம் வழக்கமான அரை அங்குலம்தான். துவைத்து முடிந்தவுடன் மூடிவிட வேண்டிய குழாய் இது என்பதால், இங்கே கால் சுற்று வகை மிகவும் பொருந்தும். ஒரு திருப்பில் மூடிவிடலாம் என்றால் யாரும் மூட மறக்க மாட்டார்கள்.

பித்தளை என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் பித்தளை அல்ல. துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசிய மலிவான குழாய்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் தண்ணீரில் அவற்றின் மரை விரைவில் பொடிந்துவிடும், பிறகு கழற்றும்போது பாதி சுவருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை நன்றாகக் கனக்கும். மரைப் பகுதியில் பூச்சு இல்லாத இடத்தில் மஞ்சள் நிறம் தெரியும். உடலிலோ பெட்டியிலோ ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் தர எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள்: அலங்கார வடிவமைப்புக் குழாய்களுக்கு ஐ.எஸ். 8931, சாதாரணத் திருகு வகை உலோகக் குழாய்களுக்கு ஐ.எஸ். 781, பிளாஸ்டிக் குழாய்களுக்கு ஐ.எஸ். 9763. வாய் மடிந்த அலங்கார வடிவங்களையும், நுரைபோலத் தண்ணீர் விடும் முனை வடிகட்டிகளையும் துவைக்கும் இடத்தில் தவிர்த்துவிடுங்கள். வாளி நிரம்ப நேரமாகும் என்பதோடு, உப்பு முதலில் அடைப்பதும் அந்தச் சல்லடையைத்தான்.

குழாயை விட, அது சுவரில் உட்காரும் இடத்தைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். குழாயைப் பிறகு எப்போதும் மாற்றலாம். டைல்ஸ் ஒட்டிய பின் சுவரை மாற்ற முடியாது. சி.பி.வி.சி. குழாய் முடியும் முழங்கையில் (எல்போ எனப்படும் வளைவு இணைப்பில்) பித்தளை மரை பதித்த வகையையே போடச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் மரையில் உலோகக் குழாயைப் பட்டை ஸ்பேனரால் இறுக்கினால் மயிரிழை விரிசல் விழும். அது சுவருக்குள் கசிவதை நீங்கள் மறுபக்கச் சுவரில் பூசணம் பூக்கும்போதுதான் அறிவீர்கள். பூச்சு, டைல்ஸ், ஒட்டும் கலவை மூன்றின் கனத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு, முழங்கையின் வாய் டைல்ஸின் மேற்பரப்போடு சமமாக நிற்கும்படி வைக்க வேண்டும். உள்வாங்கி நின்றால் இடையில் ஒரு நீட்டிப்பு வைக்க நேரும்; இணைப்பு ஒன்று கூடினால் கசிய ஓர் இடம் கூடியது என்றுதான் பொருள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் எல்லா வாய்களையும் அடைத்து, தண்ணீரை அழுத்தத்துடன் ஓர் இரவு நிறுத்திப் பார்க்காமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள். அதன் பிறகு, குழாய்களை மாட்டுவதற்கு முன்பாக, வாய்களைத் திறந்து சில நிமிடம் தண்ணீரை வேகமாக ஓடவிடுங்கள். அறுத்த குழாயின் பொடியும் சிமெண்ட் துகளும் வெளியேறிவிடும். புதுக் குழாய் முதல் வாரத்திலேயே சொட்டத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொடிதான் காரணம்.

உயரங்களையும் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு உறுதி செய்யுங்கள். கல்லில் வாளியை வைத்துப் பிடிப்பீர்கள் என்றால், வாளி வைத்த பிறகும் அதன் விளிம்புக்கும் குழாய் வாய்க்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும். குழாய் வாய் வாளித் தண்ணீரில் மூழ்கி நிற்கக் கூடாது, ஏனெனில் மேலே தண்ணீர் நின்றுபோகும்போது அழுக்குத் தண்ணீர் குழாய்க்குள் திரும்ப இழுக்கப்படலாம். மெஷினுக்கான குழாய் தரையிலிருந்து 100 முதல் 110 சென்டிமீட்டர் உயரத்தில், மெஷினின் பின்னால் அல்லாமல் பக்கவாட்டில் வரட்டும். மேலே திறக்கும் மெஷின் என்றால் மூடி முழுவதும் திறந்து நிற்கும்போது குழாயில் இடிக்காத இடமா என்று பாருங்கள். மின் பிளக்கைக் குழாய்க்கு நேர் கீழே வைக்க எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள். கடைசியாக, இந்தப் பகுதிக்கு மட்டும் தண்ணீரை நிறுத்த ஒரு தனி வால்வு இருக்கட்டும். ஒரு வாஷரை மாற்ற வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டிய நிலை வந்தால், சொட்டுகிற குழாய் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். நொடிக்கு ஒரு சொட்டு, மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால் கூட, ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் போய்விடும்.

கேள்வி: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது, உப்புப் பிரச்சினை இல்லை. வாஷிங் மெஷினை மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மாற்றிய பிறகு, தண்ணீர் போதவில்லை என்று மெஷின் அடிக்கடி நின்றுவிடுகிறது. பெரிய வாயுள்ள குழாய் போட்டால் சரியாகுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குழாயை மாற்றுவதால் சிறிது வேறுபாடு தெரியலாம், ஆனால் காரணம் குழாயில் இல்லை. மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டம் குழாயை விட எத்தனை மீட்டர் மேலே இருக்கிறதோ, ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் 0.3 பார் அல்லது அதற்கு மேல் என்று இருக்கும். அதாவது மூன்று மீட்டராவது உயரம் வேண்டும். தொட்டியின் அடிப்பாகம் மாடித் தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்து, குழாய் ஒரு மீட்டரில் இருந்தால், தொட்டி காலியாகும் தறுவாயில் உங்களுக்குக் கிடைப்பது வெறும் 0.05 பார். மெஷின் கீழ்த்தளத்தில் இருந்தவரை இந்தத் தொல்லை தெரியாததற்குக் காரணமும் இதுவே.

ஹோஸை மெஷினிலிருந்து கழற்றி, பத்து லிட்டர் வாளியில் விட்டு, நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு ஹோஸையும் கழற்றிவிட்டுக் குழாயிலிருந்து நேரடியாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டாவது முறை மட்டும் வேகமாக நிரம்பினால் அடைப்பு ஹோஸில் இருக்கிறது. இரண்டுமே வேகமாக நிரம்பினால், ஹோஸ் மெஷினுக்குள் நுழையும் இடத்திலுள்ள சிறு வலையை மூக்கு நீண்ட இடுக்கியால் இழுத்துக் கழுவினால் போதும். இரண்டிலும் மந்தமாக இருந்தால், தொட்டியை உயர்த்துவது, மெஷினைக் கீழே இறக்குவது, அல்லது அந்த இணைப்புக்கு மட்டும் ஒரு சிறிய அழுத்த மோட்டார் வைப்பது என்ற மூன்றே வழிகள்தாம். மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால், குழாய்களைச் சுவரோடு கிளாம்பு போட்டு இறுக்கிவிடுங்கள்; மெஷினின் வால்வு மூடும் ஒவ்வொரு முறையும் தளர்ந்த குழாய் சுவரில் அடித்துக்கொள்ளும், நாளடைவில் இணைப்புகள் விட்டுப்போகும்.

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறோம். பழைய குழாயின் வாயில், மெஷினோடு வந்த நான்கு திருகாணி வைத்த இணைப்பை மாட்டியிருக்கிறோம். அது அடிக்கடி பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. சுவரைத் தொடாமல் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த இணைப்பு தற்காலிக வசதிக்காகக் கொடுக்கப்படுவது. குழாயின் வாய் வழவழப்பாக இருந்தால் நான்கு திருகாணிகளும் பிடிக்க ஆதாரமின்றி, அதிர்வில் சிறிது சிறிதாக நழுவும். சுவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை: வீட்டுத் தண்ணீரை நிறுத்திவிட்டு, பழைய குழாயைச் சுற்றிக் கழற்றி, அதே இடத்தில் மேலே சொன்ன பித்தளை வாஷிங் மெஷின் டேப்பை, மரையில் டெஃப்லான் நாடாவை மரை சுற்றும் திசையிலேயே சுற்றி மாட்டிவிடலாம். வாளிக்கும் அதே இடத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டுமென்றால், இரண்டு வாய்களும் இரண்டு கைப்பிடிகளும் உள்ள டூ-இன்-ஒன் குழாய் கிடைக்கிறது. கழற்றிய பழைய குழாயைப் பத்திரப்படுத்தி வையுங்கள். வீடு மாறும்போது அதை மாட்டிக் கொடுத்துவிட்டு உங்களுடையதை எடுத்துச் செல்லலாம். பழைய இரும்புக் குழாயாக இருந்து, கழற்றும்போது சுவருக்குள்ளே ஏதோ சேர்ந்து சுற்றுவதுபோல் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு பிளம்பரை அழைப்பதே பாதுகாப்பு. எந்தக் குழாயாக இருந்தாலும், வெளியூர் போகும்போதாவது மெஷின் குழாயை மூடிவிட்டுச் செல்லுங்கள். ஆள் இல்லாத வீட்டில் ஹோஸ் வெடித்தால் தொட்டி முழுவதும் தரையில்தான் இறங்கும்.

கேள்வி: குரோமியம் பூசிய குழாயில் வெள்ளையாகப் படிந்த உப்பை ஆசிட் ஊற்றித் துடைக்கலாமா?
— ஒரு வாசகர், இராமநாதபுரம்

பதில்: கூடாது. கழிவறைக்கு விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவைகள் உப்போடு சேர்த்துப் பூச்சையும் கரைத்துவிடும்; பூச்சு போன இடத்தில் அடுத்த படிவு இன்னும் உறுதியாக ஒட்டும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்துவிட்டு, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எலுமிச்சை மூடியும் இந்த வேலையைச் செய்யும். கம்பி நார் வேண்டாம். இரவு வேலை முடிந்ததும் குழாயை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால், உப்பு படிவதற்குத் தண்ணீரே மிஞ்சாது.