அனுப்புநர் பெயரில் கேள்விக்குறிகள்: யார் பொறுப்பு?

கேள்வி: சென்னிமலையில் கைத்தறிச் சேலை விற்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப, ஓராண்டுக் கட்டணம் செலுத்தி ஒரு சேவையை வாங்கினேன். அனுப்புநர் இடத்தில் கடைப் பெயரும் ஊரும் தமிழில் இருக்கின்றன. சிலருக்குச் சரியாகத் தெரிகிறது. சிலருக்கோ சமக்குறி, கேள்விக்குறி, ‘யூடிஎஃப்-8’ என்று தொடங்கும் எழுத்துக் குவியல் வருகிறது. மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். “அவர்களுடைய செயலியில்தான் கோளாறு, பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள்” என்கிறது நிறுவனம். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். கோளாறு பெரும்பாலும் நீங்கள் பணம் கொடுத்த இடத்தில்தான் இருக்கிறது.

மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் (அனுப்புநர், பெறுநர், பொருள் போன்றவை) ஆங்கில எழுத்துகளுக்காக மட்டுமே வகுக்கப்பட்டவை. பிற மொழிப் பெயர்களைக் குறியீடாக்கி அனுப்பும் முறையை 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2047 என்ற விதி வரையறுத்தது. பெறுபவரின் செயலி அதைத் திரும்பத் தமிழாக்கும். ஆங்கிலப் பெயரில் காற்புள்ளியோ அடைப்புக்குறியோ இருந்தால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் காற்புள்ளியோடு ஒரு முகவரி முடிந்ததாகக் கொள்ளப்படும். ஆனால் குறியீடாக்கிய பெயரை மேற்கோளுக்குள் வைக்கவே கூடாது. பல மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுகின்றன. தாராளமான செயலிகள் அதையும் படித்துவிடும். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுபவை உள்ளதை உள்ளபடியே காட்டும். சிலருக்கு மட்டும் குவியல் வருவது இதனால்தான். குறை சொன்ன வாடிக்கையாளர் ஒருவரிடம் அஞ்சலின் மூல வடிவத்தை (செயலி மாற்றிக் காட்டுவதற்கு முன் வந்தபடியே உள்ள உரையை) கேட்டு வாங்குங்கள். அனுப்புநர் வரியில் குறியீட்டைச் சுற்றி மேற்கோள் இருந்தால் அதுவே உங்கள் சான்று.

நீளமும் ஒரு சிக்கல். குறியீடாக்கிய பின் ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது; நீளமான பெயர் பல துண்டுகளாகப் போகும். உலக மொழி எழுத்துகளுக்கான பொதுப் பட்டியலான யூனிகோடில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியையும் பதிய, யூடிஎஃப்-8 என்ற முறைக்கு மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) வேண்டும். புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் கணக்கு. வழக்கமான முறையில் ஒரு துண்டில் 15 குறிகளே அடங்கும். ‘கைத்தறிச் சேலைகள், சென்னிமலை’ என்பதற்கே இரண்டு துண்டு வேண்டும். எழுத்தின் நடுவே வெட்டும் மென்பொருளில் பெயர் அங்கேயே உடையும். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று வந்தால் அது வேறு நோய்: யூடிஎஃப்-8 பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்த பிழை.

சான்றோடு எழுத்து மூலம் புகார் அனுப்பி, திருத்தத்துக்கு ஒரு தேதி கேளுங்கள். திருத்தாவிட்டால் மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த சேவையை வாங்குமுன், காற்புள்ளியுள்ள நீளமான தமிழ்ப் பெயரோடு சோதனை அஞ்சல் அனுப்பச் சொல்லி, அதைக் கைப்பேசியிலும் கணினியிலும் வெவ்வேறு செயலிகளில் திறந்து பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.