புத்தர் தலைக்கு எந்தத் திசை?

கேள்வி: வேலை விஷயமாக வெளிநாடு போகும்போதெல்லாம் புத்தர் சிலை வாங்கி வருவேன். ஹாலில் தாய்லாந்துப் புத்தர் தலை, ஷோகேஸில் சிரிக்கும் புத்தர், நேபாளத்தில் வாங்கிய 200 வருடப் பழைய சிலை என்று நிறையச் சேர்ந்துவிட்டது. தலையை மட்டும் வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார் என் அக்கா. எந்தத் திசையில் வைத்தால் தோஷம் இல்லை?
- ஒரு வாசகர், கோவை

பதில்: செருப்பு ஸ்டாண்டு பக்கம் இல்லாமல் கொஞ்சம் உயரமாக வையுங்கள், போதும். திசையை வாஸ்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா சொல்வதில் விஷயம் இருக்கிறது, காரணம் வேறாக இருந்தாலும். புத்தரைத் தலை மட்டுமாகச் செய்வது பௌத்த மரபு அல்ல. அது திருட்டில் பிறந்த உருவம். தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவை 1767-இல் பர்மியப் படை அழித்தது. கேட்பாரற்றுக் கிடந்த இடிபாடுகளில் பிறகு சிலைத் திருடர்கள் புகுந்தார்கள். முழுச் சிலையைத் தூக்க நாலு ஆளும் வண்டியும் வேண்டும். கழுத்தில் உளி வைத்தால் ஒரு சாக்கு போதும். இந்தோனேசியாவின் ஜாவா தீவில், போரோபுதூர் பௌத்தக் கோயிலில் இருந்த 504 புத்தர் சிலைகளில் 300-க்கு மேல் சிதைந்தவை, பெரும்பாலும் தலை இல்லாதவை. 43 சிலைகளைக் காணவே காணோம். இப்படி அறுபட்ட தலைகள் மேல்நாட்டு மியூசியங்களிலும் பணக்காரர் வீட்டுக் கூடங்களிலும் பீடம் ஏறின. அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்காகத்தான் இன்று ரெசினில் தலையாகவே வார்த்து விற்கிறார்கள். உங்களிடம் இருப்பது அந்த ரகம் என்றே நம்புகிறேன். ‘புத்தர் அலங்காரப் பொருள் அல்ல’ என்று பாங்காக் விமான நிலையச் சாலையில் பெரிய பலகை வைத்திருக்கிறார்களே, டாக்சியில் தூங்கிவிட்டீர்களா? புதுச் சிலையானாலும் நாட்டை விட்டு எடுத்துப்போக அங்கே நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும்.

சிரிப்பவர் கௌதம புத்தரே அல்ல. பூடாய் என்ற சீனத் துறவி, மூட்டையோடு ஊர் சுற்றியவர். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரம் என்பார்கள். அவரால் உங்களுக்குத் தொல்லை இல்லை.

என்னை உறுத்துவது நேபாளச் சிலைதான். 200 வருடம் என்று கடைக்காரர் சொன்னது பொய்யானால் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். உண்மையானால் அது கடத்தல் சரக்கு. 100 வருடம் தாண்டிய சிலையை நேபாளத்திலிருந்து கொண்டுவர முடியாது. புதுச் சிலைக்கே ‘இது பழசு இல்லை’ என்று அந்த நாட்டுத் தொல்லியல் துறை முத்திரை போட்டுத் தர வேண்டும். பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். காட்மாண்டு பக்கத்தில் பாட்டன் என்ற ஊரில் ஷாக்கியக் குடும்பங்கள் இன்றும் மெழுகு அச்சில் அருமையாக வார்க்கிறார்கள். நம் சுவாமிமலை முறைதான், ஆனால் கனமாக வார்க்காமல் உள்ளே கூடு விடுவார்கள். திபெத்திய மரபில் அந்தக் கூட்டுக்குள் மந்திரம் எழுதிய காகிதச் சுருள்களை வைத்து, அடியில் செப்புத் தகடு பொருத்தி மூடிய பிறகுதான் அது கும்பிடும் சிலை. தகட்டில் பெரும்பாலும் இரண்டு வஜ்ராயுதங்கள் குறுக்காகச் செதுக்கியிருக்கும். சிலையைக் கவிழ்த்துப் பாருங்கள். தகடு இல்லாமல், விளிம்பில் மட்டும் உளி கொத்திய தழும்புகள் இருந்தால், யாரோ கும்பிட்ட சிலையின் வயிற்றைக் கிழித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

‘காசு கொடுத்துத்தானே வாங்கினேன்’ என்பீர்கள். 1961-இல் நாளந்தா மியூசியத்தில் 14 சிலைகள் திருடு போயின. அதில் ஒன்று, வெள்ளி பதித்த 12-ஆம் நூற்றாண்டு வெண்கலப் புத்தர், பல கைகள் மாறி 2018-இல் ஐரோப்பியக் கலைச் சந்தை ஒன்றில் விற்பனைக்கு வந்தது. சிலைத் திருட்டுகளைத் துப்பறியும் சிங்கப்பூர்வாழ் சென்னைக்காரர் எஸ். விஜய்குமாரும், அதே வேலையில் இருக்கும் லிண்டா ஆல்பர்ட்சனும் அடையாளம் கண்டு சொல்ல, அந்த ஆகஸ்ட் 15 அன்று லண்டனில் இந்தியத் தூதரின் கைக்கு வந்தது. வைத்திருந்தவரும் உங்களைப் போலக் காசு கொடுத்தவர்தான். விஷயம் தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உங்கள் சிலை நிஜமாகவே பழசு என்றால், இந்தியத் தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1972-ஆம் வருடச் சட்டம். அதற்கு முன் பில்லை எடுத்துப் பாருங்கள். ‘கைவினைப் பொருள்’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஒன்று கடைக்காரர் தன் கதையைத் தானே நம்பவில்லை, இல்லை சுங்கத்துறைக்குப் பயந்திருக்கிறார்.