வாசகியர் கேள்விகள்: பட்டம் வாங்கிய பின் ஒரு சகோதரிச் சங்கம்

கேள்வி: அக்கா, தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஆனர்ஸ் (பி.ஏ.வுக்குப் பின் ஒரு வருடப் படிப்பு) முடித்துவிட்டேன். முதுகலை படிக்க அமெரிக்கா போகிறேன். அங்கே பெண்களுக்கு சொராரிட்டி என்று சங்கங்கள் இருக்கிறதாமே, என்னைப் போன்றவளைச் சேர்த்துக்கொள்வார்களா?
வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: சேர்த்துக்கொள்வார்கள் தங்கச்சி, எந்தக் கதவைத் தட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது. படங்களில் வருமே, பெரிய வீடு, வாசலில் கிரேக்க எழுத்து, கல்லூரி திறந்ததும் கூட்டங்கூட்டமாகப் பெண்கள்? அந்த வகைச் சங்கங்கள் மொத்தம் 26. 1902இல் உருவான தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற கூட்டமைப்பின் கீழ் வருபவை. அவை இளங்கலை மாணவிகளுக்கானவை. முதுகலை மாணவி அந்த வரிசையில் நிற்பது பெரும்பாலும் வீண் அலைச்சல். 'அலும்னா இனிஷியேஷன்', அதாவது பட்டம் வாங்கியவரைச் சேர்ப்பது என்று பக்கவாசல் ஒன்று உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் கைகாட்டினால்தான் அது திறக்கும்.

உனக்குப் பொருந்துவது கறுப்பினப் பெண்கள் தொடங்கிய சங்கங்கள். ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908, டெல்டா சிக்மா தீட்டா 1913, ஸீட்டா ஃபை பீட்டா 1920, மூன்றும் வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தவை. சிக்மா காமா ரோ 1922இல் இண்டியானாபோலிஸில். இவற்றில் பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு. வேலை, குழந்தை குட்டி என்று ஆன பெண்கள்தான் அங்கே சங்கத்தை ஓட்டுகிறார்கள். நிறத்தை வைத்து யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனால் வரலாறு தெரியாமல் போனால் முகம் சுளிப்பார்கள். டெல்டா பெண்களின் முதல் பொதுச் செயல், 1913 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தது. இதையாவது படித்துக்கொண்டு போ.

நினைத்த நாளில் விண்ணப்பிக்க முடியாது. கிளை எப்போது ஆள் எடுக்கிறதோ அப்போதுதான், அதற்கு இரண்டு வருடமும் ஆகலாம். அதுவரை அவர்கள் நடத்தும் பொது நிகழ்ச்சிகளுக்குப் போ, கூடமாட வேலை செய். முதல் சந்திப்பிலேயே 'என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டுவிடாதே. பலருக்குக் காரியம் கெடுவது இங்கேதான்.

சங்கத்தில் சேரக் கேட்கும் காகிதங்களை டர்பனை விட்டுக் கிளம்பும் முன்பே தயார் செய்துகொள். மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போகவேண்டியிருக்கும், பாக்கிக் கட்டணம் இருந்தால் அனுப்பமாட்டார்கள். நம் ஊரின் மூன்று வருட பி.ஏ.வை அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக எல்லோரும் எடுத்துக்கொள்வதில்லை, எனவே ஆனர்ஸ் சான்றிதழையும் சேர்த்து மதிப்பீடு செய்யச் சொல். கோயிலிலோ மருத்துவமனையிலோ தொண்டு செய்திருந்தால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கு. 'நல்ல பெண், நிறைய உதவி செய்தாள்' என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பிரயோஜனமில்லை.

பணத்தை மறக்காதே. பட்டதாரியாகச் சேர ஆயிரம் டாலருக்கு மேல் ஆவது சாதாரணம், பிறகு வருடச் சந்தா வேறு. மாணவர் விசாவில் பாட நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதே. எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேள்.

கேள்வி: சேரும்போது அடிப்பது, அவமானப்படுத்துவது உண்டு என்கிறார்களே?
ஒரு தாய், டொங்காட்

பதில்: உண்டு அம்மா, ஆனால் விதியில் கிடையாது. புதியவர்களைச் சோதனைக் காலத்தில் வைக்கும் 'பிளெட்ஜிங்' என்ற பழைய முறையை இந்தச் சங்கங்கள் 1990இலேயே கைவிட்டன. 2024 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டப்படி, கல்லூரிகள் இத்தகைய கொடுமைகளைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இரவில் அழைப்பு, 'யாரிடமும் சொல்லாதே' என்ற கட்டளை, முன்பே சொல்லாத செலவு, மூன்றில் ஒன்று வந்தாலும் மகள் விலகிவிடட்டும், கல்லூரிக்கும் சங்கத்தின் தலைமையகத்துக்கும் எழுதட்டும்.

கேள்வி: ஒரே விடுதியில் தங்கிப் படித்த பதினெட்டுப் பேர் இப்போது டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று சிதறிக் கிடக்கிறோம். அமெரிக்க சொராரிட்டி போல ஒரு சங்கம் தொடங்கி, ஏழை மாணவிகளுக்கு உதவ ஆசை. வாட்ஸ்அப் குழு மட்டும் இருக்கிறது.
வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: வாட்ஸ்அப் குழு சங்கமாகிவிடாது. முதலில் இரண்டு பக்கத்தில் ஒரு சட்டதிட்டம் எழுதுங்கள்: பெயர், நோக்கம், யார் உறுப்பினர், சந்தா, பொறுப்பாளர்கள், கலைத்தால் மீதிப் பணம் எங்கே போகும். கடைசி விஷயத்தை எழுத எல்லோருக்கும் கூச்சம், சண்டை வருவதும் அதில்தான். கூட்டம் செல்லுபடியாகப் பாதிப் பேர் வரவேண்டும் என்று வைக்காதீர்கள். பதினெட்டில் ஆறு போதும். இல்லையென்றால் மூன்று முறை கூடி மூன்று முறையும் டீ குடித்துவிட்டுக் கலைவீர்கள்.

பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் போடவே கூடாது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் வங்கி கணக்கை முடக்கும், அந்தப் பணம் அவர் சொத்தோடு சேரும், நிர்வாகி நியமனக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க, சட்டதிட்டம், இன்னார் கையெழுத்திடலாம் என்ற கூட்டக் குறிப்பு, அடையாள அட்டைகள், மூன்று மாதத்துக்குள்ளான முகவரிச் சான்று இவற்றைக் கேட்பார்கள். வங்கிகளில் செக் வழக்கொழிந்துவிட்டது, ஆகவே ஒருவர் பணம் அனுப்ப மற்றொருவர் ஆன்லைனில் ஒப்புதல் தரும்படி அமையுங்கள். மாதம் ஒருமுறை வங்கி அறிக்கையைக் குழுவில் போட்டுவிடுங்கள். சந்தேகம் வளர விடாதீர்கள்.

மாதம் ஆளுக்கு 100 ராண்ட் என்றால் வருடத்துக்கு 21,600. பல்கலைக்கழகங்களில் பதிவு ஜனவரி, பிப்ரவரியில். ஆகவே நவம்பருக்குள் வசூலை முடித்து, மாணவியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பணத்தைக் கையில் தராதீர்கள், மாணவி எண்ணைக் குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். சீட்டுப் பிடிக்க, அதாவது ஸ்டோக்வெல் நடத்த ஆசையிருந்தால் அது வேறு கணக்கு, வேறு நோட்டு.

சமூக மேம்பாட்டுத் துறையில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிய கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள். பதிந்தபின் நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும், இதை மறந்துதான் பல சங்கங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் வருவாய்த் துறையிடம் தனியாக, வருமானவரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின் கீழ் ஒப்புதல் பெற வேண்டும்.

இன்னொன்று. ஆண்டு விருந்தைப் புரட்டாசியில் வைக்காதீர்கள். சனிக்கிழமை பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் கோயிலில்.

கேள்வி: எங்கள் குழுவுக்குக் கிரேக்க எழுத்தில் பெயர் வைத்து டி-ஷர்ட் போடலாமா?
வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். உள்ளே சேராதவர் ஒரு சங்கத்தின் எழுத்துகளை அணிவதை அவர்கள் பெரிய குற்றமாக நினைப்பார்கள், பல பெயர்கள் வணிக முத்திரையாகப் பதிவானவை. தமிழிலேயே வையுங்கள். அச்சகத்தில் வேர்ட் கோப்பைக் கொடுத்தால் 'கொ' என்பது 'ெகா' என்று சிதறி வரும். எழுத்துகளை அவுட்லைனாக (கோட்டு வடிவமாக) மாற்றிய பி.டி.எஃப். கொடுத்து, ஒரே ஒரு சட்டையில் மாதிரி அடித்துப் பார்த்த பிறகு மீதிச் சட்டைகளுக்குச் சொல்லுங்கள்.