முதலில் கூரையைப் பாருங்கள், அப்புறம் சக்கரத்தை: கேள்வி பதில்

அமெரிக்கக் கிளைப்பாதைகளில் ஓடிய பழைய ஒற்றைப் பெட்டி ரயில்கள் பற்றி வந்த கேள்விகள். அங்கே இவற்றுக்குச் செல்லப்பெயர் டூடுல்பக்.

கேள்வி: 'கேஸ்-எலக்ட்ரிக்' என்கிறார்களே, சமையல் கேஸா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் கேஸ் என்றால் கேசொலின், நம்முடைய பெட்ரோல். பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றும். அதில் வரும் மின்சாரம் சக்கர அச்சில் இருக்கும் மோட்டார்களுக்குப் போகும்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். முகப்பு கத்திபோலக் கூர்மை, ஜன்னல்கள் கப்பலில் இருப்பதுபோல வட்டம். எந்த வகை கேஸ்-எலக்ட்ரிக்?

பதில்: மக்கீன் என்ற கம்பெனியின் வண்டி. 1905 முதல் 1917 வரை அமெரிக்காவின் ஒமாஹா நகரில் கட்டினார்கள். ஆனால் இது கேஸ்-எலக்ட்ரிக் இல்லை. 200 குதிரைத்திறன் எஞ்சினின் விசை சங்கிலி வழியாக நேரே அச்சுக்குப் போகிறது. 1910-இல் செய்த ஒன்று நெவாடாவின் கார்சன் சிட்டி ரயில் அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது.

கேள்வி: மக்கீனையும் கேஸ்-எலக்ட்ரிக் என்றுதானே எல்லோரும் எழுதுகிறார்கள்? நீங்கள் மட்டும் ஏன் பிரிக்கிறீர்கள்?

பதில்: எல்லோரும் எழுதினாலும் பிழை பிழைதான். மக்கீன் பின்னால் போக வேண்டுமென்றால், எஞ்சினை நிறுத்தி, அதன் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை நகர்த்தி, எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். கேஸ்-எலக்ட்ரிக்கில் எஞ்சின் பாட்டுக்கு ஒரே பக்கம் சுற்றும். ஒரு கைப்பிடியைத் திருப்பினால் மோட்டார் திசை மாறிவிடும். ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் பெட்டியை முன்னும் பின்னும் நகர்த்திய ஓட்டுநருக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரிந்திருக்கும். அதைப் பெயரில் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் இருக்கும் படத்தை இருவர் இரண்டு கம்பெனி என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரியாக இருக்கலாம். எலக்ட்ரோ-மோட்டிவ் கம்பெனி 1922-இல் கிளீவ்லாண்டில் தொடங்கியபோது அதற்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. எஞ்சின் விண்டன் கம்பெனியுடையது, மின்கருவிகள் வெளியிலிருந்து, பெட்டி கட்டியது செயின்ட் லூயிஸ் கார் அல்லது புல்மன் கம்பெனி. முதல் பெட்டி 1924-இல் சிகாகோ கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்குப் போனது. அதனால் கட்டியவர் யார், இயந்திரம் யாருடையது என்று தனித்தனியாகக் குறியுங்கள்.

கேள்வி: பெட்டி எண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: எண்ணையும் வண்ணத்தையும் நம்பாதீர்கள். கைமாறும்போது இரண்டும் மாறும்.

கேள்வி: எண் இதுதான், எந்த வகை?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கூரையில் ரேடியேட்டர் இருக்கிறதா, முன்சக்கரத் தொகுதியில் மோட்டார் தெரிகிறதா, எஞ்சின் அறைக்குப் பின்னால் சாமான் கதவு எங்கே என்று பாருங்கள். அது தெரிகிற படமாக அனுப்புங்கள்.

கேள்வி: பளபளக்கும் ஸ்டீல் பெட்டி, பட் கம்பெனி?

பதில்: 1949-இல் வந்த டீசல் வண்டி. இந்த வகையே இல்லை.

கேள்வி: நம் ஊர் ரயில் பஸ்?

பதில்: என் துறை இல்லை. இந்திய ரயில்வே தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெட்ரோல் ஆபத்தாக இருக்கவில்லையா?

பதில்: இருந்தது. 1940 ஜூலை 31 அன்று ஒஹாயோவின் குயஹோகா ஃபால்ஸில் பென்சில்வேனியா ரயில்வேயின் பெட்டி ஒன்று சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. பெட்ரோல் பற்றிக்கொண்டு எரிய, பயணிகள் 43 பேர் இறந்தார்கள். படம் சேகரிக்கும் நண்பர்கள் அந்த வண்டியை 'அபூர்வம்' என்று மட்டும் குறிக்காமல், இதையும் அடியில் எழுதி வையுங்கள்.