பலகையைப் பார்க்காதீர்கள், வகுப்பறையைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்றே முக்கால் வயது. 20 மாதத்தில்தான் நடந்தான். இப்போது பத்து வார்த்தை பேசுவான், நாம் சொல்வது ஓரளவு புரிகிறது. 'வளர்ச்சித் தாமதம்' என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பள்ளிகளில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா, இல்லை ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பதா?

பதில்: வீட்டிலேயே வைத்துக்கொண்டு பொறுத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம். அவனைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தாலும் பரவாயில்லை, இந்த வயதில் அது பெரிய வித்தியாசமே இல்லை.

பள்ளி தேடும் முன் ஒரு கேள்வி. காது கேட்கும் திறனை முறையாகப் பரிசோதித்தீர்களா? கைதட்டினால் திரும்புகிறான் என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது. நடுக்காதில் நீர் கோத்திருக்கும் பிள்ளைக்குக் கதவைச் சாத்தும் சத்தம் நன்றாகவே கேட்கும், பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள்தான் நழுவிப்போகும். பேச்சு தாமதமான எந்தப் பிள்ளைக்கும் இதை விட்டுவிட்டு மற்றதைப் பேசக்கூடாது.

அப்புறம், 'வளர்ச்சித் தாமதம்' என்ற பெயர். நடை, பேச்சு, புரிதல் என்று வளர்ச்சியின் பல பக்கங்களில் பின்தங்கிய, ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். இந்த வயதில் அறிவுத்திறன் சோதனைகளை அவ்வளவாக நம்ப முடியாது, அதனால் முடிவு சொல்லாமல் வைத்திருக்கும் பெயர் அது. ஆகவே இன்று நீங்கள் தேர்ந்தெடுப்பது அடுத்த ஓரிரண்டு வருடத்துக்கான இடம், அவ்வளவுதான். வாழ்நாள் முழுவதற்கும் இன்றே முடிவு செய்வதாக நினைத்துத்தான் பெற்றோர் பயந்துபோகிறார்கள்.

சரி, சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா? சொல்வது புரிகிற பிள்ளை என்பதால், பேசுகிற பிள்ளைகள் நடுவில் இருப்பது அவனுக்கு உதவும் என்றே நினைக்கிறேன். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் பேச்சு ஒட்டிக்கொள்ளாது, அவனையும் விளையாட்டுக்குள் இழுத்துவிட ஒரு பெரியவர் வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியை இருக்கும் சாதாரணப் பள்ளியைவிட, எட்டுப் பேருக்கு இரண்டு பேர் இருந்து, பேச்சுப் பயிற்சியும் அங்கேயே நடக்கிற சிறப்புப் பள்ளி எவ்வளவோ மேல். அதனால் வாசலில் என்ன பலகை மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல், அவன் உட்காரப்போகிற வகுப்பில் காலையில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்கக் கேளுங்கள். சொன்னதைச் செய்யாத பிள்ளையிடம் ஆசிரியை என்ன செய்கிறார்? குனிந்து முகம் பார்த்துப் பேசுகிறாரா, படம் காட்டிச் சொல்கிறாரா, இல்லை தூரத்திலிருந்தே குரலை உயர்த்துகிறாரா? ஓரத்தில் தனியாக இருக்கும் பிள்ளையை யாராவது கவனிக்கிறார்களா? "நாங்கள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் நடத்துவோம்" என்று பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள், உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது அதுவல்ல.

கூடவே உதவியாளர் வைக்கச் சொன்னால் வைக்கலாம், ஆனால் அவர் நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருந்தால் மற்றப் பிள்ளைகள் இவனிடம் வரவே மாட்டார்கள்.

ஏற்கெனவே மறுத்துவிட்டார்களே என்று அடுத்த பள்ளியில் விஷயத்தை மறைக்க வேண்டாம். பயம் புரிகிறது. ஆனால் இரண்டாவது வாரமே ஆசிரியைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும், காரணம் தெரியாதபோது அவர் அதற்கு அடம் என்று பெயர் வைப்பார். அதற்குப் பதில் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள்: அவன் பேசும் பத்து வார்த்தைகள், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தத்துக்கு அழுவான், எப்படிச் சமாதானம் ஆவான், கழிப்பறைக்கு என்ன உதவி வேண்டும். நான் எழுதுகிற மருத்துவ அறிக்கையைவிட ஆசிரியைக்கு அந்தத் தாள்தான் பயன்படும்.

முதலில் அரை நாள் அனுப்புங்கள். பேச்சுப் பயிற்சியைப் பள்ளி சேர்ந்த கையோடு நிறுத்திவிடாதீர்கள், நிறையப் பேர் அந்தத் தவறைச் செய்கிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், பாட்டு ஒப்பிக்கிறானா என்றல்ல, புதிதாக எதையாவது கேட்டு வாங்குகிறானா, வேறு பிள்ளையைத் தேடிப் போகிறானா என்று. எதுவும் நகரவில்லை என்றால் பள்ளியை மாற்றத் தயங்க வேண்டாம். ஆனால் இருக்கிற பத்து வார்த்தைகளில் சில காணாமல் போனாலோ, நடையில் தடுமாற்றம் வந்தாலோ, கண் நிலைகுத்தி நின்றாலோ, பள்ளி விஷயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.