பழைய எண்ணெயை என்ன செய்வது? கேள்வி பதில்

வேலூர் வட்டாரத்துப் பட்டறைக்காரர்களும் ஆலைக்காரர்களும் பழைய இயந்திர எண்ணெயைப் பற்றிக் கேட்டவற்றுக்கு, ராணிப்பேட்டையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

காட்பாடி, லாரி பட்டறை: ஐயா, வண்டியிலிருந்து இறக்கிய இன்ஜின் ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும் லாரியின் அடிப்பாகத்தில் அடிக்கவும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மண்ணில் கொட்டவில்லையே, இதில் தவறு உண்டா?

உண்டு. பலகையில் பூசியதும் வண்டிக்கு அடியில் அடித்ததும் மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குத்தான் வருகின்றன. இன்ஜினின் சூட்டில் வெந்து வந்த எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கவல்ல ஹைட்ரோகார்பன்களும் தேய்ந்த உலோகத் துகள்களும் இருப்பதால், வெறுங்கையால் அதைப் பூசுகிற தொழிலாளியே முதலில் பாதிக்கப்படுகிறார். பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மேலே நீர் ஓடுவதில்லை. மணலுக்கு அடியில் ஊறுவதைத்தான் கிணறு வெட்டி ஊர்களுக்கு ஏற்றிக் குடிக்கிறோம். தோல் ஆலைக் கழிவால் இந்தப் படுகை பட்ட பாட்டைக் கண்டுதான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பது நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதே படுகையில் எண்ணெயையும் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராணிப்பேட்டை சிப்காட், லேத் பட்டறை: பழைய ஆயில் எல்லாவற்றையும் ஒரே பேரலில் ஊற்றுகிறோம். வாங்க வருபவர் விலையைக் குறைக்கிறார். ஏன்?

கலந்ததுதான் காரணம். எண்ணெய் எளிதில் கெடுவதில்லை. அதில் சேர்த்த வேதிப்பொருள்கள் தீர்ந்துபோகின்றன, நீரும் கரியும் சேர்கின்றன. நீரைப் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, களிமண்ணாலோ ஹைட்ரஜனாலோ சுத்தப்படுத்தினால் புது மசகு எண்ணெய் செய்ய உதவும் அடிப்படை எண்ணெய் மீண்டும் கிடைக்கும். நல்ல பழைய எண்ணெய் 100 லிட்டரில் ஏறத்தாழ 60 லிட்டர் தேறும். வெட்டும்போது சூட்டைத் தணிக்க லேத்தில் ஊற்றும் கூலன்டோ பெரும்பகுதி நீர்; அதிலுள்ள பால்மமாக்கி நீரை எண்ணெயோடு கட்டிவைத்துக்கொள்வதால், ஒரு வாளி கூலன்ட் ஒரு பேரலையே கெடுத்துவிடும். பாகங்களைக் கழுவிய மண்ணெண்ணெய் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும். ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிய எண்ணெயை மறுசுத்திகரிப்புக்கு உரியதாக 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் ஏற்பதில்லை. ஆகவே இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், கூலன்ட் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரல் வைத்து, பெயர் எழுதி, கூரைக்கு அடியில், விளிம்பு கட்டிய சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் மட்டுமே, ஒப்படைப்புச் சீட்டோடு கொடுக்க வேண்டும்.

குடியாத்தம், இருசக்கர வாகன மெக்கானிக்: மாதம் 20 லிட்டர்தான் சேர்கிறது. யார் வந்து எடுப்பார்கள்?

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து ஒரு பேரலாக்குங்கள். விற்ற அளவில் ஒரு பங்கையாவது மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு 1.4.2024 முதல் எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கும் இருக்கிறது. உங்கள் டீலரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வாணியம்பாடி, தோல் ஆலைப் பராமரிப்பாளர்: தாவர எண்ணெயிலிருந்து செய்த மசகுக்கு மாறலாமா?

தோல் பதனிடும் டிரம்மின் திறந்த பல்சக்கரம், சங்கிலி போல எண்ணெய் வெளியே சிந்தியே தீரும் இடங்களில் மாறலாம். கடும் சூடு உள்ள இடங்களில் அது விரைவில் பிசுபிசுத்துப் போகும். மண்ணில் மட்கும் என்பதற்காகச் சாக்கடையில் விடாதீர்கள். உலோகத் துகள் கலந்துவிட்டால் அதுவும் கழிவே.

ஆற்காடு, அரிசி ஆலை: கியர் ஆயிலை ஆண்டுதோறும் மாற்றியே ஆக வேண்டுமா?

நாள்காட்டியைப் பார்த்து மாற்ற வேண்டாம். பாகுநிலை, அமிலத்தன்மை, நீரின் அளவு ஆகியவற்றை ஆய்வகத்தில் பார்த்து, நன்றாக இருந்தால் வடிகட்டித் தொடரலாம். மாதிரியை இயந்திரம் ஓடிச் சூடாக இருக்கும்போது நடுமட்டத்திலிருந்து எடுங்கள்; அடித்திருகைத் திறந்து பிடித்தால் தங்கிய வண்டல்தான் வரும்.