பெட்டியில் 31 நிமிடம், பல்லடத்தில் 20: ட்ரோன் பேட்டரி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பேட்டரி பற்றியவை. அதில் வியப்பில்லை. சிறிய ட்ரோனில் முதலில் தேய்வது பேட்டரிதான். ஆனால் பறந்து பறந்து தேய்வதைவிட, பெட்டிக்குள் சும்மா இருந்து கெட்டுப்போவதே அதிகம். அதைத் தடுக்கச் செலவு எதுவும் இல்லை, பழக்கம் மட்டும் போதும்.

"ஏனுங்க, மினி 2 வாங்கும்போது 31 நிமிசம் பறக்கும்னு சொன்னாங்க. எங்க ஊர்ல 20 நிமிசத்துக்கே இறக்கச் சொல்லுது. டூப்ளிகேட் பேட்டரியக் குடுத்துட்டாங்களா?" – பல்லடம் வாசகர்

அப்படி இருக்க வேண்டியதில்லைங்க. மினி 2 என்ற சிறு ட்ரோனுக்கு அதன் கம்பெனியான டிஜேஐ சொல்லும் 31 நிமிடம் என்பது காற்றே இல்லாத சூழலில், மணிக்கு 17 கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் பறக்கவிட்டு எடுத்த அளவு. பேட்டரி முழுவதும் தீரும்வரை உள்ள கணக்கு அது. நீங்கள் 20 சதவீதமாவது மிச்சம் வைத்து இறக்கியாக வேண்டும். அதிலேயே 6 நிமிடம் கழிந்துவிடுகிறது. உயரே ஏற்றுவது, வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்துவது, திருப்புவது எல்லாம் இன்னும் கொஞ்சம் தின்னும். அமைதியான காலையில் 22 முதல் 25 நிமிடம் கிடைத்தால் உங்கள் பேட்டரி நன்றாகவே இருக்கிறது.

பல்லடத்தில் அதற்கும் கீழே இறங்குவதற்குக் காரணம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியாகத்தான் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் பாய்கிறது. இத்தனை காற்றாலைகள் இங்கே நிற்பதும் அதனால்தான். தரையில் நிற்கும் நமக்கு அது முழுதாகத் தெரியாது. சோளத்தட்டு லேசாக ஆடும் அதே நேரத்தில், 80, 100 மீட்டர் உயரத்தில் காற்று பலமாக இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகக்கூடியது, காற்று நொடிக்கு 6 மீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போகையில் தரைக் கணக்கில் வேகம் 16 மீட்டர்; அரை கிலோமீட்டரை அரை நிமிடத்தில் கடந்துவிடும். திரும்பும்போது மிஞ்சுவது 4 மீட்டர்தான். அதே அரை கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். போனதைப்போல நான்கு மடங்கு நேரம்! பாதி பேட்டரி தீர்ந்ததும் திருப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. பலருடைய ட்ரோன் ஊர் எல்லையில் எங்கோ கரும்புக் காட்டில் விழுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே ஆனி, ஆடியில் முதலில் காற்றை எதிர்த்து மேற்கே போங்கள். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். எதிர்க்காற்றில் நகராமல் திணறினால் உயரத்தைக் குறையுங்கள். கீழே வர வர காற்றின் வலு குறையும். மினி 2 தாங்கக்கூடிய காற்று நொடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் வரைதான். செயலியில் பலத்த காற்று என்ற எச்சரிக்கை வந்தால் வீடியோவை விட்டுவிட்டு இறக்குங்கள்.

"ஆனி கடைசி முகூர்த்தம் முடிஞ்சதும் நாலு பேட்டரியும் புல் சார்ஜ் போட்டு எடுத்து வெச்சேனுங்க. ஆவணியில எடுத்தா ரெண்டு உப்பிக் கெடக்குது. ஒரு தடவ பறக்க விட்டுப் பாக்கலாங்களா?" – கோபியிலிருந்து ஒரு கல்யாணப் போட்டோகிராபர்

வேண்டவே வேண்டாம். சார்ஜும் போடாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறியதால்தான் உறை உப்பியிருக்கிறது. அது திரும்பச் சரியாகாது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். அதைச் செய்தால் தீப்பிடிக்கும்.

உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ட்ரோன் ஒரு மாதத்துக்கு மேல் பெட்டியை விட்டு வெளியே வராது. பேட்டரி கெடுவதும் இந்த இரண்டு மாதங்களில்தான். ட்ரோன் பேட்டரிக்குள் இருக்கும் சாதாரண லித்தியம் பாலிமர் செல் ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். அந்த நிலையில் நாள்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே சிதைவு நடந்துகொண்டே இருக்கும். வெயில் சூடு சேர்ந்தால் அது வேகமெடுக்கும். நீண்ட நாள் வைப்பதற்கு ஏற்றது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவு, அதாவது பாதி சார்ஜை ஒட்டி. பத்து நாளுக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்று தெரிந்தால் 40 முதல் 65 சதவீதத்துக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

புதிய ட்ரோன்களின் பேட்டரி சில நாள் சும்மா இருந்தால் தானாகவே கொஞ்சம் சார்ஜை இறக்கிக்கொள்ளும். அப்போது லேசாக வெதுவெதுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். எஃப்பிவி ட்ரோன் (கண்ணாடித் திரை மாட்டிப் பார்த்து ஓட்டுவது) பேட்டரிகள் பலவற்றுக்கும் விளையாட்டு ட்ரோன்களுக்கும் அந்த வசதி இல்லை.

காலியாக வைப்பதும் கெடுதல்தான். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் உள்ளே நிரந்தரச் சேதம் வரும். சில சார்ஜர்கள் அதை ஏற்றவே மறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பாருங்கள். வைக்கும் இடமும் முக்கியம். தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் காரிலும் வேண்டாம். ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) நிழலான மூலை போதும்.

உப்பிய இரண்டையும் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட வாளியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கி வண்டியே எரியலாம். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி பழையவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

"பையனுக்கு வெளையாட்டு ட்ரோன் வாங்கிக் குடுத்தோம். 8 நிமிசம் பறக்குது, சார்ஜ் ஏற ரெண்டு மணி நேரம் ஆகுது. செல்போன் பாஸ்ட் சார்ஜர்ல போட்டா சீக்கிரம் ஏறுங்களா?" – ஈரோடு வாசகி

ஏறாதுங்க. எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது கூடவே வந்த கேபிளில் இருக்கும் சிறு மின்சுற்று. அது பெரும்பாலும் அரை ஆம்பியர் அளவுதான் எடுக்கும். 1000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம்) பேட்டரிக்கு அரை ஆம்பியர் என்றால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு. பெரிய அடாப்டர் மாட்டினாலும் இதே கதைதான். வேறு கேபிளை வெட்டி ஒட்டி வேகமாக ஏற்ற முயன்றால் ஆபத்து.

கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுங்கள், அதுவே நல்ல வழி. பறந்து இறங்கியதும் சூடாக இருக்கும். 20 நிமிடம் ஆறவிட்டுச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். கட்டில், சோபா மேல் வைத்து ஏற்ற வேண்டாம், வெறும் தரையில் வைக்கட்டும். இரவு தூங்கும்போது சார்ஜில் விடுவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். இந்த ஒன்றில் மட்டும் குழந்தைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

"45 சதவீதம் காட்டுச்சு, திடீர்னு 18க்கு எறங்கிருச்சு. ஏனுங்க இப்படி?" – கரூர் வாசகர்

பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உள்ளே மின்னோட்டத்துக்கான தடை கூடிவிட்டால், மோட்டார் பலமாக இழுக்கும் நொடியில் வோல்ட் சரிந்துவிடும். சதவீதமும் கூடவே குதிக்கும். செயலியில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பார்க்க முடிந்தால் பாருங்கள். இரண்டு செல்லுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் நின்றால், கூட்டத்தின் மேலோ தண்ணீரின் மேலோ அதைப் பறக்கவிடாதீர்கள். கரூர் வெயிலும் ஒரு காரணம்தான். இந்த வகை பேட்டரிகளைப் பொதுவாக 5 முதல் 40 டிகிரிக்குள்தான் சார்ஜ் செய்ய வேண்டும். உங்கள் சித்திரை மதியத்தில் நிழலிலேயே அந்த எல்லை தாண்டிவிடும். காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ ஏற்றுங்கள்.

"மினி 4 ப்ரோவுக்குப் பெரிய பேட்டரி போட்டா ஒன்றரை மடங்கு நேரம் வருமா?" – திருப்பூரிலிருந்து ஒரு வீடியோகிராபர்

வராது. சாதாரண பேட்டரி 2590 எம்ஏஎச், பெரியது 3850. கொள்ளளவு கிட்டத்தட்ட பாதி கூடுகிறது. ஆனால் கம்பெனி சொல்லும் நேரம் 34 நிமிடத்திலிருந்து 45 நிமிடம்தான், மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பேட்டரியின் எடையையும் ட்ரோனே தூக்க வேண்டும் அல்லவா? மருந்தடிக்கும் பெரிய ட்ரோன் அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் சீக்கிரமே இறங்கிவிடுவதும் தூக்கும் பாரத்தால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய பேட்டரி போட்டால் எடை 250 கிராமைத் தாண்டும். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு ட்ரோன் ஓட்டுபவருக்கான (ரிமோட் பைலட்) சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் தேவை. நீங்கள் காசு வாங்கிப் படம் எடுப்பவர். எனவே சான்றிதழ் இல்லையென்றால் சிறிய பேட்டரி மூன்று வைத்துக்கொள்வதுதான் உங்களுக்குச் சரி.

"தென்னந்தோப்புல கரண்ட் இல்லீங்க. பவர் பேங்க்ல ஏத்தலாமா?" – பொள்ளாச்சி வாசகர்

தாராளமாக. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி (உள்ளே அடங்கும் மின்சக்தியின் அளவு). ஏற்றும்போது ஆகும் இழப்புப் போக 60 வாட்-மணி அளவு கிடைக்கும். மினி பேட்டரி ஒன்று 17 முதல் 19 வாட்-மணி. மூன்று முறை ஏற்றலாம். பவர் பேங்க் டைப்-சி வழியாக 30 வாட் கொடுப்பதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் உச்சி நேரம் வரை மர நிழலில் காத்திருக்க வேண்டியதுதான். மூன்று பேட்டரி போடும் சார்ஜிங் ஹப் இருந்தால், சார்ஜ் அதிகம் மிச்சமுள்ளதை அது முதலில் நிரப்பும். ஒன்று சீக்கிரம் கைக்கு வரும்.

"மேட்டுப்பாளையத்துல நல்லாப் பறந்தது, ஊட்டியில சீக்கிரம் இறங்குது?"

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி அங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இறக்கை அதிக வேகத்தில் சுற்றினால்தான் அதே எடையைத் தாங்கும். குளிரும் சேர்ந்தால் பேட்டரி மந்தமாகிவிடும். பறக்கும்வரை சட்டைப் பையில் வைத்திருங்கள். ட்ரோனை எழுப்பியதும் ஒரு நிமிடம் தாழ்வாக நிறுத்தி வைத்து, பிறகு உயரே அனுப்புங்கள். காட்டுப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

"கோவை ஏர்போர்ட்ல பேட்டரிய விடுவாங்களா?"

கைப்பையில் வைத்தால் விடுவார்கள். செக்-இன் பெட்டிக்குள் தனி பேட்டரி கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும்; மினியின் சாதாரண பேட்டரிகள் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. முனைகளை டேப் ஒட்டி மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். முழு சார்ஜ் வேண்டாம், பாதி இருந்தால் போதும்.